கயிறிழுத்தால் கடை ஒற்றுமையாகுமா?

சித்திரை மாதம் பிறந்துவிட்டால் போதும், எமது நாட்டின் வங்கிக் கிளைகளிலும் அரச அலுவலகங்களிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் ஒரு விழா களைகட்டிவிடும். தலையணைச் சண்டை, யானைக்குக் கண் வைத்தல், கட்டித் தொங்கவிட்ட பணிஸைக் கை படாமல் உண்ணுதல், தேசிக்காய்க் கரண்டி ஓட்டம், சங்கீதக் கதிரை, முட்டி உடைத்தல், எல்லாவற்றுக்கும் இறுதியில் கயிறிழுத்தல். வருடம் முழுவதும் முகம் கொடுத்துப் பேசாத முகாமையாளர் அன்று காற்சட்டையை மடித்துக்கொண்டு சாக்குக்குள் இறங்குவார். கொழும்புக் கம்பனிகளில் இது சித்திரையோடு நிற்பதில்லை. 'டீம் பில்டிங்' என்று பெயர் வைத்து, ஊழியர்களை பஸ்ஸில் ஏற்றிச் சென்று விளையாட விடுவதையே ஒரு தொழிலாகச் செய்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

இந்தக் காற்று இப்போது வன்னிப் பக்கமும் வீசத் தொடங்கியிருக்கிறது. கடந்த சில வருடங்களாக வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் உள்ள எமது வர்த்தக சகோதரர்கள் சிலர் கடையின் ஆண்டு நிறைவு நாளில், அல்லது நோன்புப் பெருநாள் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், பணியாட்களைக் கூட்டிக்கொண்டு பாவற்குளத்துக்கோ இரணைமடுவுக்கோ போகிறார்கள். சமைத்து உண்டு, நாலு விளையாட்டு விளையாடித் திரும்புகிறார்கள். 'இது வெறும் கூத்து, காசுக்குப் பிடித்த கேடு' என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். 'பெடியன்மார் இனி உயிரைக் கொடுத்து வேலை செய்வான்கள்' என்று இன்னொரு சாரார் நம்புகிறார்கள். இருபது வருடங்களுக்கு மேல் வவுனியாவில் ஹாட்வெயார் கடை நடத்துபவன் என்ற வகையில் இரண்டு கூற்றையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. விளையாட்டு நல்லதுதான், அதுவும் சிறிய கடைகளுக்கு மிகவும் நல்லது. ஆனால் எந்த விளையாட்டு, யார் யாரோடு, எப்படிப்பட்ட கடையில் என்பதை யோசிக்காமல் செய்தால், செய்யாமல் விட்டதைவிட மோசமாகப் போகலாம்.

முதலில் இது ஏன் எமக்கு ஒரு வியாபார விடயம் என்பதைச் சொல்ல வேண்டும். ஏ9 வீதி 2002 இல் திறந்து, 2006 இல் மூடி, யுத்தம் முடிந்த பின்னர் மீண்டும் திறந்தபோது எமக்கு இருந்த பிரச்சினை சரக்கும் முதலும்தான். வேலைக்கு ஆள் கிடைப்பது பெரிய காரியமாக இருக்கவில்லை. இன்று நிலைமை தலைகீழ். கிளிநொச்சியில் மாஸ் நிறுவனத்தின் வானவில், விடியல் ஆலைகளும் வவுனியாவில் ஒமேகா லைன் ஆடைத் தொழிற்சாலையும் இளம் பெண்களையும் ஆண்களையும் உள்வாங்கிக்கொண்டன. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின்னர் கடவுச்சீட்டு எடுத்தவர்களின் வரிசையை நாம் கண்ணால் கண்டோம். கட்டார், துபாய் என்று போனவர்களில் எமது கடைகளில் நின்ற பெடியன்மாரும் அடக்கம். ஹாட்வெயார் கடையில் ஒருவன் ஆணி, போல்ட், பைப் சொக்கட் என்று சாமான்களின் அளவும் இடமும் விலையும் பிடிபட்டு வர இரண்டு வருடமாவது செல்லும். அவன் ஐயாயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறதென்று அடுத்த தெருவுக்குப் போனால் நட்டம் யாருக்கு? சம்பளத்தில் எல்லோரோடும் போட்டி போட எம்மால் முடியாது. 'இந்தக் கடையில் நிற்க விருப்பமாக இருக்கிறது' என்று அவன் சொல்வதற்கு வேறு ஏதாவது ஒரு காரணம் இருக்க வேண்டும்.

வன்னிக் கடைக்கு இன்னொரு விசேடமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து உடுத்த உடையோடு வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் 2009 இன் பின்னர் நீராவிப்பிட்டிக்கும் ஹிஜ்ராபுரத்துக்கும் தண்ணீரூற்றுக்கும் திரும்பி வந்து கடை திறந்தார்கள். அந்தக் கடையில் வேலைக்கு நிற்பவன் 2009 இல் முள்ளிவாய்க்காலில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பங்கருக்குள் இருந்த பிள்ளை. லொறி ஓட்டுபவர் மதவாச்சிப் பக்கத்துச் சிங்களவர். ஒரே கல்லாப்பெட்டிக்கு முன்னால் மூன்று விதமான கதைகள் நிற்கின்றன. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களின் பின்னர் எமது கடைகளின் வாசல்கள் வெறிச்சோடிக் கிடந்த நாட்களில், உள்ளே நின்ற பணியாட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசியதையும் நாம் மறந்துவிடவில்லை. யாரும் யாரிடமும் தமது கதையைக் கேட்பதில்லை. சாமான் பெயரும் விலையும் மாத்திரம் பேசிக்கொண்டு வருடக்கணக்கில் ஒன்றாக நிற்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் 'வாருங்கள், எல்லோரும் கயிறிழுப்போம்' என்றால் என்ன நடக்கும்?

கயிறிழுத்தலையே எடுத்துக்கொள்வோம். எமது ஊர் விழாக்களில் அது இல்லாமல் முடியாது. 1900 தொடக்கம் 1920 வரை ஒலிம்பிக் போட்டியிலும் அது இருந்தது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. பிரான்ஸ் நாட்டில் மாக்ஸ் ரிங்கல்மான் என்ற விவசாயப் பொறியியலாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து, இழுக்கும் பலத்தை அளந்து பார்த்தார். 1913 இல் அவர் வெளியிட்ட கணக்கு வியாபாரிகளாகிய நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. ஒருவர் தனியாக இழுக்கும்போது அவருடைய பலம் 100 என்று வைத்துக்கொண்டால், இருவர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்கு 93 தான் வருகிறது. மூவரானால் 85. எட்டுப் பேரானால் ஆளுக்கு 49. அதாவது எட்டுப் பேர் இழுக்கும் கயிற்றில் நாலு பேருடைய பலம்தான் இருக்கிறது! மீதி நாலு பேர் எங்கே போனார்கள்? ஒரு பகுதி, எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காததால் வீணாகிறது. மறு பகுதி, 'மற்றவன் இழுக்கிறான்தானே' என்ற நினைப்பில் கரைகிறது.

அந்த இரண்டாவது பகுதியை அமெரிக்காவில் 1979 இல் இன்னும் கெட்டித்தனமாகச் சோதித்தார்கள். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் லட்டனே என்ற உளவியலாளரும் அவரது சகாக்களும் மாணவர்களைக் கைதட்டவும் சத்தமிடவும் விட்டு ஒலியை அளந்தார்கள். கண்ணைக் கட்டி, காதில் ஹெட்போனை மாட்டி, 'இப்போது உன்னோடு இன்னும் ஐந்து பேர் கத்துகிறார்கள்' என்று சொன்னார்கள். உண்மையில் அவன் ஒருவன்தான் கத்தினான். ஆனாலும் கூட்டத்தோடு கத்துவதாக நினைத்த மாத்திரத்தில் சத்தம் குறைந்துவிட்டது. இதே குழுவினர் 1981 இல் இதற்கு மருந்தும் கண்டுபிடித்தார்கள். 'ஒவ்வொருவருடைய சத்தமும் தனித்தனியாக அளக்கப்படுகிறது' என்று தெரிய வைத்தபோது யாரும் ஏமாற்றவில்லை.

சகோதரர்களே, இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது எமது கடைகளின் சனிக்கிழமைப் பின்னேரம்தான். கவுண்டரில் நாலு பேர் நிற்பார்கள். வாடிக்கையாளர் கையில் துண்டோடு கேட்பாரற்று நிற்பார். ஒவ்வொருவனும் மற்றவன் கவனிப்பான் என்று நினைக்கிறான். முதலாளி உள்ளேயிருந்து 'ஆளைப் பார்க்க ஒருத்தனும் இல்லையா?' என்று சத்தம் போட்ட பின்னர் நாலு பேரும் ஒரே நேரத்தில் ஓடி வருவார்கள். ஆள் கூடினால் வேலை கூடும் என்று கணக்குப் போட்டு இன்னொருவனை எடுத்தால் ஐந்து பேர் நிற்பார்கள், அவ்வளவுதான். கயிறிழுத்தல் ஆரவாரமான விளையாட்டுத்தான். ஆனால் யார் இழுத்தான், யார் இழுப்பதுபோல் முகத்தைச் சுளித்தான் என்பது அதில் தெரியாது.

ஆகவே ஒரு விளையாட்டைத் தெரிவு செய்யச் சொன்னால் நான் கிளித்தட்டைத்தான் சொல்வேன். எமது பிரதேசத்தில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஆடி வளர்ந்த விளையாட்டு அது. இப்போதைய பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்டும் கைப்பேசியும் வந்த பிறகு மறந்துகொண்டு போகிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தரையில் கோடு போட்டுக் கட்டங்கள் பிரிப்பார்கள். காக்கும் அணியில் குறுக்குக் கோட்டுக்கு ஒருவர் வீதம் நிற்பார். தன்னுடைய கோட்டில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓடலாமே தவிர அதை விட்டு இறங்க முடியாது. 'கிளி' மாத்திரம் நடுக்கோட்டில் நெடுகிலும், சுற்றுக் கோடுகளிலும் ஓடித் திரியலாம். எதிரணி இவர்கள் கையில் அடிபடாமல் ஒவ்வொரு கட்டமாகக் கடந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பி வர வேண்டும்.

இதில் ஒளித்துக்கொள்ள இடமில்லை. மூன்றாவது கோட்டில் நிற்பவன் அயர்ந்தால் மூன்றாவது கோட்டினால்தான் ஆள் போகும், அது எல்லோருக்கும் தெரியும். கிளி கெட்டிக்காரனாக இருந்தால் எந்தக் கோட்டில் ஆள் திணறுகிறானோ அந்தப் பக்கம் ஓடிப்போய்த் துணை நிற்பான். கோட்டுக்காரனுடைய வேலையைத் தான் செய்யப் போனால் மறுபக்கம் திறந்துவிடும். ஒரு கடையின் முதலாளி எப்படி நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. பத்துப் பேர் இருந்தால் ஆடலாம். செலவு ஒரு பை சுண்ணாம்புத் தூள்.

அடுத்து, அணி பிரிக்கும் விடயம். இதில்தான் பலர் யோசிக்காமல் காலை விடுகிறார்கள். 'கடைப் பக்கம் ஒரு அணி, ஸ்டோர் பக்கம் ஒரு அணி' என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் எமது கடைகள் பலவற்றில் கவுண்டரிலும் கல்லாவிலும் எமது பிள்ளைகளும் உறவினர்களும் நிற்கிறார்கள். ஸ்டோரிலும் லொறியிலும் நிற்பவர்கள் தமிழர்கள், சிங்களவர்கள். அந்தப் பிரிப்பின்படி அணி கட்டினால் அது கடைக்கும் ஸ்டோருக்கும் நடக்கும் போட்டியாக இருக்காது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கே அது என்ன போட்டி என்று விளங்கிவிடும்.

இதற்கும் ஒரு பழைய சோதனை உண்டு. 1954 கோடையில் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், ரொபர்ஸ் கேவ் என்ற பூங்காவில், முஸாபர் ஷெரீப் என்ற துருக்கியில் பிறந்த அறிஞர் 22 சிறுவர்களை முகாமுக்குக் கொண்டுவந்தார். எல்லோரும் பதினொரு வயதுப் பிள்ளைகள், ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள், ஒரே மாதிரியான குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இரண்டு குழுக்களாகப் பிரித்து, பேஸ்போல், கயிறிழுத்தல் என்று போட்டிகள் வைத்துப் பரிசும் அறிவித்தார். சில நாட்களுக்குள் ஒரு குழு மற்றக் குழுவின் கொடியை எரித்தது, மற்றது இவர்களின் குடிலுக்குள் புகுந்து சாமான்களைப் புரட்டிப் போட்டது. இனமும் இல்லை, மதமும் இல்லை, பழைய பகையும் இல்லை. வெறும் விளையாட்டுப் போட்டி மட்டும்தான்!

பிறகு ஷெரீப் இரு பகுதியினரையும் ஒன்றாக அமர்த்தி உணவு கொடுத்தார், படம் காட்டினார். பலனில்லை. உணவைத் தூக்கி எறிந்து சண்டை பிடித்தார்கள். கடைசியில் முகாமுக்கு வரும் தண்ணீரை நிறுத்தினார். எல்லோருமாகத் தேடிக் குழாயின் அடைப்பை எடுக்க வேண்டியதாயிற்று. உணவு கொண்டுவர வேண்டிய லொறி 'ஸ்டார்ட்' ஆகவில்லை என்றார்கள். பிள்ளைகள் கயிறிழுத்தல் போட்டிக்குப் பாவித்த அதே கயிற்றை லொறியில் கட்டி, இரு குழுவும் சேர்ந்து இழுத்தார்கள். அதன் பிறகுதான் பகை தணியத் தொடங்கியது. இந்தச் சோதனையில் ஆராய்ச்சியாளர்களே பிள்ளைகளைத் தூண்டிவிட்டார்கள் என்று பிற்காலத்தில் குறை சொன்னவர்களும் உண்டு. இருந்தாலும் லொறி தள்ளிய கதையை நம்புவதற்கு எமக்கு ஆராய்ச்சி தேவையில்லை. மழைக்காலத்தில் மாங்குளம் பக்கத்து மண் வீதியில் சீமெந்து லொறி புதைந்து, ட்ரைவரும் நாட்டாமையும் கடைப் பெடியனும் சேர்ந்து தள்ளிய அனுபவம் இல்லாத ஹாட்வெயார்காரர் யார்?

ஆகவே அணியைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். கல்லாவில் இருக்கும் மருமகனும் ஸ்டோர்ப் பெடியனும் ஒரே பக்கம் நிற்கட்டும். அணிக்கு அணி மோதும் விளையாட்டை ஒன்றோடு நிறுத்தி, எல்லோருமாகச் சேர்ந்து ஒரு காரியத்தை முடிக்கும் விளையாட்டுகளைக் கூட்டுங்கள். விறகு பொறுக்கி அடுப்பு மூட்டிப் பெரிய சட்டியில் சோறு ஆக்குவதே அப்படியான ஒரு விளையாட்டுத்தான். அதை 'கேட்டரிங்' காரனிடம் கொடுத்துக் கெடுத்துவிடாதீர்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கோபிக்கக் கூடாது. குளக்கரையில் ஒரே அணியில் நின்றவன், மறுநாள் கடைக்கு வரும்போது ஏழு வருடமாகியும் தன்னைக் கல்லாப் பக்கம் அண்ட விடுவதில்லை என்பதையும் நினைப்பான். நம்பிக்கைக்குரிய ஒருவனை, அவன் யாராக இருந்தாலும், கணக்குப் பக்கம் உயர்த்த மனமில்லாத முதலாளிக்கு விளையாட்டுப் போட்டி எந்த நன்மையும் செய்யாது.

வன்னிக்கு மாத்திரம் உரிய ஒரு கவனமும் இருக்கிறது. கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு இது தெரியாது, நாம்தான் தெரிந்து நடக்க வேண்டும். கிளிநொச்சியில் ஒரு கடையின் ஆண்டு விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். காலில் பலூனைக் கட்டிக்கொண்டு ஒருவர் மற்றவருடையதை மிதித்து உடைக்கும் விளையாட்டு நடந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, மூன்றாவது பலூன் வெடித்தபோது ஒரு பிள்ளை அப்படியே குந்திக் காதைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஒரு நிமிடத்தில் எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் சிரித்துவிட்டுப் போய்க் கதிரையில் அமர்ந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. 2009 இல் அவள் எங்கே இருந்திருப்பாள் என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் விளங்கியிருக்கும்.

பலூன் உடைப்பதும் பட்டாசும் எமது பகுதிக்கு வேண்டாம். கண்ணைக் கட்டி விளையாடும் விளையாட்டுகளும் அப்படித்தான். கண் கட்டப்பட்ட அனுபவத்தை வேறு விதமாக நினைவு வைத்திருக்கும் ஆண்கள் எமது ஊர்களில் இருக்கிறார்கள். பொய்க்கால் போட்டவர்கள், உடம்பில் செல் துண்டு உள்ளவர்கள் கடைகளிலும் ஸ்டோர்களிலும் வேலை செய்கிறார்கள். அவர்களை ஓட்டப் போட்டிக்கு மத்தியஸ்தராக வைத்துவிட்டு 'எல்லோரையும் சேர்த்துக்கொண்டோம்' என்று திருப்திப்படுவது அழகல்ல. உட்கார்ந்து ஆடும் விளையாட்டும் பாதிக்குப் பாதி இருக்க வேண்டும். 'விரும்பாதவர் பார்த்துக்கொண்டிருக்கலாம், காரணம் கேட்க மாட்டோம்' என்று தொடக்கத்திலேயே முதலாளி வாய் திறந்து சொல்ல வேண்டும்.

இது சின்ன விடயமல்ல. பாரிஸில் ஒரு ஆலோசனை நிறுவனம், எங்கள் கம்பனியின் கலாசாரமே கேளிக்கைதான் என்று சொல்லிக்கொண்டு மதுவோடு கூடிய ஒன்றுகூடல்களை நடத்தி வந்தது. அவற்றில் கலந்துகொள்ள மறுத்த ஊழியர் ஒருவரை 2015 இல் வேலையிலிருந்து நீக்கியது. வழக்கு ஏழு வருடம் இழுபட்டு, 2022 நவம்பரில் பிரான்ஸின் அதியுயர் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஊழியரின் பக்கம் தீர்ப்பளித்தது. கேளிக்கையில் சேர மறுப்பது அவருடைய சுதந்திரம் என்பது தீர்ப்பின் சாரம். மதுவும் கேளிக்கையும் வேண்டாம் என்று ஒதுங்கி நிற்கும் ஊழியன் எப்படியிருப்பான் என்பது எமது சமூகத்துக்கு நன்றாகத் தெரியும். வெளிநாட்டுக் கம்பனிகளில் அப்படி ஒதுங்கி நின்று பேச்சு வாங்கிய எத்தனை பிள்ளைகள் எம்மில் இருக்கிறார்கள்! அதே மரியாதையை எமது கடையில் நிற்பவனுக்கு நாம் கொடுக்க வேண்டாமா?

தோற்றவனுக்குத் தண்டனை கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கலிபோர்னியாவில் வீட்டு அலாரம் விற்கும் நிறுவனமொன்று, விற்பனைப் போட்டியில் தோற்ற அணியினரைப் பின்பக்கத்தில் தட்டி வேடிக்கை பார்த்தது. பெண் ஊழியர் ஒருவர் வழக்குப் போட, 2006 இல் ஜூரிகள் 17 இலட்சம் டொலர் கொடுக்கச் சொன்னார்கள். பின்னர் மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு மாறியது வேறு விடயம், நிறுவனத்தின் பெயர் நாறியது நாறியதுதான். 2022 ஜூனில் சுவிட்சர்லாந்தின் ஸூரிச் அருகே ஒரு கம்பனி தன் ஊழியர்களைத் தணலில் நடக்க விட்டு 25 பேர் காயப்பட்டார்கள், 13 பேர் வைத்தியசாலைக்குப் போனார்கள். எமது ஆட்கள் தணல் வரை போக மாட்டார்கள். ஆனால் தோற்றவன் முகத்தில் கரி பூசுவது, பெண்பிள்ளைகளின் முன்னால் ஆட வைப்பது, அதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போடுவது எல்லாம் இங்கேயும் நடக்கிறது.

முதலாளி என்ன செய்வது? அவரும் ஆட வேண்டும். கதிரையில் அமர்ந்து குளிர்பானம் குடித்துக்கொண்டு 'ஓடுங்கடா' என்று சத்தமிடும் முதலாளி வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆடினால் போதாது, தோற்கவும் தெரிய வேண்டும். வேண்டுமென்று விட்டுக்கொடுப்பதைச் சொல்லவில்லை, அதைப் பெடியன்மார் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். முதலாளியைவிடப் பணியாளன் கெட்டிக்காரனாக இருக்கும் விளையாட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

எனது கடையில் நாம் அடிக்கடி ஆடுவது நிறை சொல்லும் விளையாட்டு. ஒரு சாக்கில் கம்பி ஆணியையோ மணலையோ அள்ளிப் போட்டு, ஆளுக்கொரு தடவை தூக்கிப் பார்த்து, துண்டில் நிறையை எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு தராசில் வைப்போம். இருபது வருடமாக இரும்பு விற்கும் நான் நாலு கிலோ பிசகுவேன். எமது நாட்டாமை, ஐம்பது வயது தாண்டியவர், அரைக் கிலோவுக்குள் சொல்லிவிடுவார். முதல் முறை அவர் வென்றபோது கல்லாவில் இருந்த தம்பி, 'எப்படி அண்ணை இது?' என்று கேட்டார். அவர் தோளைத் தட்டிக் காட்டி, 'தராசு இங்க இருக்கு தம்பி' என்றார். அதற்கு முன்னர் அந்த இருவரும் 'ரெண்டு மூடை இறக்குங்கோ' என்பதற்கு மேல் பேசிக்கொண்டதை நான் கண்டதில்லை. இப்போது சரக்கு வந்தால் நிறை குறைவான மூடையை நாட்டாமையே தூக்கும்போது பிடித்து, தம்பியைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். இதில் எனக்கு மிஞ்சிய காசை நான் கணக்குப் பார்க்கவில்லை, ஆனால் மிஞ்சுகிறது என்பது தெரியும்.

சாரணர்கள் ஆடும் தட்டு விளையாட்டும் கடைக்குப் பொருத்தம். கிப்ளிங் 1901 இல் எழுதிய 'கிம்' என்ற நாவலில் இது வருவதால் அந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள். இருபது சாமானைத் தட்டில் பரப்பி, ஒரு நிமிடம் காட்டி, துணியால் மூடிவிட வேண்டும். ஞாபகத்தில் உள்ளதை எழுத வேண்டும். வொஷர், எல்போ, கால் அங்குல ஸ்க்ரூ, அரை அங்குல ஸ்க்ரூ என்று கடைச் சாமான்களையே வைத்தால் புதிதாக வந்த பெடியன் சிரித்துக்கொண்டே பாடம் படித்துவிடுவான். வாடிக்கையாளரைப்போல் நடித்துக் காட்டும் விளையாட்டும் நன்றாகச் சிரிக்க வைக்கும். பேரம் பேசியே ஆளைக் கொல்லும் வாடிக்கையாளரை எங்களில் யார் அறியமாட்டார்கள்? அதில் ஒரே ஒரு நிபந்தனை, எந்த இனத்தவரின் பேச்சையும் உடையையும் கேலி செய்யக் கூடாது. முதலாளியைப்போல் நடித்துக் காட்டினால் தாராளமாக அனுமதிக்கலாம், அதில் நாம் படிக்க நிறைய இருக்கிறது.

மார்க்க ரீதியாக ஒரு கேள்வியும் அடிக்கடி வரும். ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு, வென்றவர் மொத்தத்தையும் எடுப்பது சூதாகிவிடும், அதைத் தவிர்க்க வேண்டும். பரிசை முதலாளி தன் கையிலிருந்து கொடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை. பொதி கைமாற்றும் விளையாட்டுக்கு இசை வேண்டாம் என்பவர்கள் கைதட்டலை வைத்துக்கொள்ளலாம், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. பெண் பணியாளர்கள் இருக்கும் கடைகளில் அவர்களுக்கு எந்த விளையாட்டு வசதி என்று அவர்களிடமே கேட்டுவிடுவது நல்லது. எந்த விளையாட்டானாலும் கடைசி பஸ்ஸுக்கு முன்னர் முடிய வேண்டும், அல்லது வீட்டு வாசல் வரை வாகனம் கொடுக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்பது சம்பளக் கணக்கு. வியர்வை உலரும் முன்னர் கூலியைக் கொடுத்துவிடும்படி சொல்லித் தரப்பட்டவர்கள் நாம். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம். இதைக் கட்டாமல் இருந்துகொண்டு இரணைமடுவுக்கு பஸ் பிடித்தால், பஸ்ஸில் பின் ஆசனத்தில் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதை முன் ஆசனத்தில் இருப்பவர் கேட்க முடியாது. 'எங்கட சேமலாபக் காசில முதலாளி பிரியாணி போடுறார்' என்று ஒருவன் சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். நல்ல வேளை, அது வேறு ஒருவருடைய பஸ்.

நாளும் நேரமும் அப்படித்தான். 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம், வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை. அந்த ஒன்றரை நாளையும் பறித்து 'எல்லோரும் கட்டாயம் விளையாட வர வேண்டும்' என்றால் அது விளையாட்டல்ல, சம்பளமில்லாத மேலதிக வேலை. போயா தினத்தில் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். கட்டாயப்படுத்தி அழைத்த விளையாட்டு விழாவையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். வேலை நேரத்துக்குள் செய்வதுதான் மலிவு. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பின்னேரம் ஐந்தரைக்குக் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு, வடையும் தேநீரும் வரவழைத்து, முக்கால் மணி நேரம் ஆடலாம். அந்த நேரத்தில் வரும் இரண்டு மூன்று வாடிக்கையாளர்களைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. எங்கள் கடையில் பாதி இழுத்த கதவுக்குள் எட்டிப் பார்த்தவர்களில் இரண்டு பேர் உள்ளே வந்து சாக்கைத் தூக்கி நிறை சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அதில் ஒருவர் பெயின்ட் வாங்க வந்தவர். மறுநாள் காலையில் வந்து பெயின்ட்டை வாங்கிக்கொண்டு, முதல் நாள் யார் வென்றது என்றும் கேட்டுவிட்டுப் போனார்.